ஏழாவது துண்டு

சின்னக்கானல் மேல் டிவிஷன் லயத்துக்கு யானை வருவது பெரிய விஷயமில்லை. பஸ் வராத நாள் உண்டு, டாக்டர் வராத மாதம் உண்டு, யானை வராத வாரம் கிடையாது. பன்னிரண்டு வீடு ஒட்டி நிற்கும் அந்த வரிசையில் சின்னப் பிள்ளைகள்கூட தகரத்தை எடுத்து நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வந்த கொம்பன் சிவசங்கரியின் பல்சர் பைக் மேல் காலை வைத்துவிட்டது. அதுதான் விஷயம்.

யானையை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. அவள் புருஷன் ராஜசேகர் அன்றைக்கு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மறையூர் போயிருந்தான். வரும்போது அஞ்சு கிலோ உருண்டை வெல்லத்தைச் சாக்குப் பையில் போட்டுப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தான். மூணாறு தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்து, பல் தந்தியடிக்க வந்தவன், லயத்தின் கடைசியில் இருக்கும் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினான், கட்டன் சாயா குடிக்க வீட்டுக்குள் ஓடினான். வெல்லம் வண்டியிலேயே இருந்தது. அரிசி, உப்பு, வெல்லம் மூன்றையும் இருட்டும் முன் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும் என்பது லயத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். முப்பத்தெட்டு வயசில் ராஜசேகருக்கு அது ஒரு டம்ளர் சாயாவில் மறந்துபோயிற்று.

கொம்பன் பையைப் பிடித்து இழுத்தது. கட்டு அவிழவில்லை, வண்டி சாய்ந்தது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு வெல்லத்தைத் தின்று முடித்துவிட்டு, தட்டிய தகரத்துக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி மெதுவாகக் கீழ்க்காட்டுக்குள் இறங்கிப் போனது. ஊன்றிய கால் சீட்டுக்குப் பின்னால் விழுந்திருந்தது. என்ஜினுக்கு ஒன்றுமில்லை, சக்கரம் நேராக ஓடியது. பின்விளக்கைச் சுற்றி வளைந்து நிற்கும் கறுப்பு டெயில் பேனல் மட்டும் நொறுங்கிவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் கயிற்றைப் போட்டுக் கட்டி ஓட்டியிருப்பாள். வண்டிக்குப் பதினைந்து வயசு முடிந்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ரீ-டெஸ்ட். அதில் பாஸானால் இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம், இல்லையென்றால் ரோட்டில் இறக்கக் கூடாது. தேதி கிடைப்பதற்கே ஆன்லைனில் மனுப் போடும் அக்ஷயா சென்டருக்கு நாலு தடவை நடந்திருந்தாள்.

அந்த வண்டிக்குப் பின்னால் அவளுடைய வேலை இருந்தது. ஒன்பது வருஷமாக ரோட்டோரத்து ரிசார்ட் ஒன்றில் சமையல்கட்டு ஜோலி. பாத்திரம் கழுவப் போனவள், கழுவுவது இன்னும் நிற்கவில்லை என்றாலும், இப்போது ஆப்பமும் இடியாப்பமும் அவள் கை படாமல் மேசைக்குப் போகாது. ஒன்றாம் தேதியிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு அவளைப் பொறுப்பாகப் போடுவதாக மேனேஜர் ஷிஜு சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, காலை அஞ்சரைக்கு அடுப்புப் பற்ற வேண்டும். முதல் பஸ் ஏழு மணிக்கு. அந்த நாலு கிலோமீட்டரில் பாதி காட்டு ரோடு, விடியும் முன் எந்த ஆட்டோக்காரனும் வரமாட்டான். நடந்து போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். புது வண்டிக்கு வழியில்லை. ஆக, பேனல் ஒட்டினால் வேலை, ஒட்டாவிட்டால் பாத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் உரச்சாக்கை விரித்து, சேற்றிலிருந்து பொறுக்கிய துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வரிசையாக வைத்தாள். மாமியார் அழகுத்தாய் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தஞ்சு வருஷம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள், கையும் வாயும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"எலும்புன்னா எண்ணெ போட்டுக் கட்டலாம். இதுக்கு என்னட்டி கட்டுவ?"

"ஒட்டணும் அத்தை. ஆனா ஒரு துண்டு கொறையுது. ஆறுதான் இருக்கு. இங்கன பாருங்க, இன்டிகேட்டர் மாட்டுற எடம். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை."

"கொம்பன் முழுங்கிருச்சோ என்னமோ. வெல்லம் ஒட்டியிருந்திருக்கும்."

சிரிப்பு வந்தாலும் சிவசங்கரி சிரிக்கவில்லை. ஓடையில் தேடினாள், தேயிலைத் தூருக்குள் கையை விட்டுத் துழாவினாள். கடைசியில் கண்டுபிடித்தது அழகுத்தாய்தான். யானை மறுபடி ஏறி வராமலிருக்க ஆம்பளைகள் லயத்துத் தலைமாட்டில் தீ போட்டிருந்தார்கள். அந்தச் சாம்பலைக் குச்சியால் கிளறியபோது கறுப்பாக உருகி இறுகிய கட்டி ஒன்று வந்தது. அதில் ஒரு திருகாணி அப்படியே பதிந்திருந்தது. இன்டிகேட்டர் திருகாணி.

ராஜசேகர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவள் கட்டியைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இத யாரு தீயில போட்டது?"

"பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சா கொம்பன் கிட்ட வராது. எல்லாரும் கையில ஆப்புட்டத அள்ளிப் போட்டோம். இருட்டுல யாருக்குத் தெரியும்?" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "விடு சங்கரி. வண்டிய பழைய இரும்பு வாங்குற ஆக்கர்காரன்ட்ட போட்டுட்டு பகல் ஷிப்ட்டுலயே இரு. பாத்திரம் கழுவுனா என்ன, கை தேஞ்சா போயிரும்?"

"தேஞ்சுதான் போச்சு. ஒம்பது வருசம் கழுவுனது நீங்க இல்ல."

அவள் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பூப்பாறைக்கு ஜீப் ஏறினாள். அங்கே வண்டிச் சாமானும் பெயிண்டும் விற்கிற கடை பரீதுவுடையது. பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து இருபது வருஷமாகியும் அவர் பேச்சில் மலைக்காற்று படவில்லை.

"ஏனுங்க அம்மிணி, இதென்னத்த அப்பளம் மாதிரி கொண்டாந்துருக்கீங்க?"

"யானை மிதிச்சிருச்சு பாய். புதுசு கெடைக்குமா?"

"இந்த மாடல் நின்னே பத்து வருசமாச்சுங்க. கோயமுத்தூர்ல ஆள் விட்டாலும் பதினஞ்சு நாளாவும். உங்களுக்கு எப்ப வேணும்?"

"வெள்ளிக்கெழம ரீ-டெஸ்ட்டு."

பரீது துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடஞ்ச பாடியோட போனா வண்டிய ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க. டேப்பு சுத்துனாலும் அதே கதைதானுங்க."

"ஒட்டுனா?"

"ஒட்டலாமுங்க. ஆனா பசை வெச்சு ஒட்டுனா ஒரு குழியில எறங்கறப்ப கழண்டு உழுந்துரும். இத இதாலயேதான் ஒட்டோணும். பிளாஸ்டிக்குக்கும் சாதி இருக்குதுங்க."

"அதுக்குமா பாய்?"

"நம்மளாட்டத்தான். ஒண்ணோட ஒண்ணு சேராது." அவர் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, பேனல் துண்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டார். பெயிண்ட் துடைக்கிற அசிட்டோன். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் இளகிப் பிசுபிசுத்தது. "பாத்தீங்களா? எதுல இந்தத் தண்ணி பட்டு இப்பிடி இளகுதோ, அதுதான் இதோட சாதி. அதைச் சீவி இதுலயே ஊற வெச்சா கூழாயிரும். அந்தக் கூழ்தான் பசை. ஓட்டைக்கும் அதே சாதியில துண்டு வெட்டி வெக்கோணும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோயிறாதீங்க, பத்திக்கும். ஊட்டுல என்னென்ன இருக்குதுன்னு தேடுங்க. ஆனா ஒண்ணுங்க, நானா இருந்தா செய்ய மாட்டேன். கைவேலை ரொம்ப."

"கைவேலைக்கென்ன பாய், கையிருக்கு," என்றாள் சிவசங்கரி.

அன்று மத்தியானம் வீட்டில் ஒரு சாமான் தப்பவில்லை. பரீதுவிடம் வாங்கி வந்த அசிட்டோனை வாளியில் சொட்டு விட்டாள், ஒன்றும் ஆகவில்லை. நாற்காலி, தண்ணீர்க்குடம், டி.வி. ரிமோட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழகுத்தாய் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். கடைசியில் ஆணியில் தொங்கிய ராஜசேகரின் பழைய ஹெல்மெட்டின் உள்விளிம்பில் ஒரு சொட்டு விட்டாள். விரல் ஒட்டியது.

"ஏ, அது என் ஹெல்மெட்டு," என்றான் ராஜசேகர்.

"கண்ணாடி ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு. மண்டைக்கும் ஒதவாது. இதுக்காவது ஒதவட்டும்."

ஆக்சா பிளேடால் அறுக்க ஆரம்பித்தாள். ஹெல்மெட்டின் வளைவும் பேனலின் வளைவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம். காகிதத்தில் ஓட்டையை வரைந்து, அதை வைத்து வெட்டி, ராவி, மறுபடி வைத்துப் பார்த்து ராவினாள். விழுந்த தூளையும் சீவலையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு அசிட்டோன் ஊற்றி மூடிவைத்தாள். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தபோது கரிய கூழ் தயாராக இருந்தது.

அன்றைக்குத் துண்டுகளை வெளிப்பக்கம் டேப் போட்டுப் பொருத்தினாள். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் காய்ச்சிய கோணூசியால் ஒரு துளை போட்டாள். உள்பக்கத்துக்குக் கம்பி வலை வேண்டியிருந்தது. வெறும் கூழ் தாங்காது என்று அவளுக்கே தோன்றியது.

"பேக்டரியில சல்லடை கிழிஞ்சா தூக்கிப் போடுவீகள்ல, அந்த வலையில ஒரு முழம் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

தேயிலை பேக்டரியில்தான் ராஜசேகருக்கு வேலை. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவன், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சல்லடை வலையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். தேயிலைத்தூள் இன்னும் அதன் கண்ணில் இருந்தது. அவள் அதைக் கழுவி, வெட்டி, பக்கத்து வீட்டு ஜோமோனிடம் இரவல் வாங்கிய சால்டரிங் கம்பியால் ஒவ்வொரு விரிசலின் மேலும் அழுத்தி உருக்கிப் பதித்தாள். அதன் மேல் கூழைத் தடவினாள். ஹெல்மெட் துண்டை ஓட்டையில் உட்கார வைத்து விளிம்பெல்லாம் பூசினாள். மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்டினியும் ஆறிப்போய்க் கிடந்தது. வேலை முடிந்து நிமிர்ந்தபோது முதுகு வலித்தது, மனசு நிறைந்திருந்தது. உடைந்தது ஒன்றானதைப் பார்க்கிற சந்தோஷம் தனிதான்.

அந்தச் சந்தோஷம் புதன்கிழமை விடியும்வரைதான் இருந்தது. ஆனி மாசத்துச் சாரலில் லயத்துக்குள் துவைத்த துணியே மூன்று நாளுக்குக் காயாது. பூசிய கூழ் வெள்ளை பூத்து, விரல் வைத்தால் பதிந்தது. வெயில் இல்லை. அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று பரீது சொல்லியிருந்தார். இது இறுகாமல் தேய்க்க முடியாது, தேய்க்காமல் பெயிண்ட் அடிக்க முடியாது. இன்றைக்கு இறுகினால்தான் நாளைக்குப் பெயிண்ட்.

ராஜசேகர் ஆறு மணி ஷிப்ட்டுக்குக் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றான்.

"பேக்டரிக்குக் கொண்டு போறீகளா?" என்றாள். "மேல இலை வாட்டுற எடத்துல சூடா காத்து வருமே."

"அங்க வெக்க முடியாது. தேயிலை எந்த நாத்தத்தையும் இழுத்துக்கிடும். இந்த நாத்தம் ஏறுனா ஒரு நாள் தூளு மொத்தமும் போச்சு, டீமேக்கர் என் தோல உரிச்சிருவாரு." கொஞ்சம் யோசித்தான். "பாய்லர் ரூமுக்குப் பின்னால, காஞ்ச வெறகு அடுக்குற செவரு இருக்கு. நெருப்பு தள்ளி, சூடு மட்டும் வரும். மதியத்துக்குள்ள எறுகிரும்."

"அப்ப கொண்டு போங்க."

அவள் பேனலைப் பழைய சேலைத் துணியில் பொதிந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"என்னை நம்பிக் குடுக்கியா?"

"ஏன், நீங்க எங்க ஓடிறப் போறீக?"

"அந்தத் துண்டு இருட்டுல தெரியாம விழல சங்கரி," என்றான். "டார்ச்சு அடிச்சுத் தேடி, பெரிய துண்டாப் பாத்து நாந்தான் எடுத்துப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

உள்ளே அழகுத்தாய் உலை வைக்கிற சத்தம் நின்றது. சிவசங்கரிக்கு முதலில் காது அடைத்தது, அப்புறம் உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது.

"எதுக்கு?"

"அந்த வண்டி கெடந்த கோலத்தப் பாத்தேன். கால் தடத்தப் பாத்தேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு நீ அந்த வளைவுல போறப்ப அது எதுத்தாப்புல நின்னா? வெல்லத்த மறந்து வச்சவன் நான், ஏறிப் போறவ நீ. வண்டி ஒழிஞ்சா நீ போக மாட்டன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அதுக்காக? நான் போறதும் போகாததும் நான்ல முடிவு பண்ணணும்? கொழுந்து கிள்ளப் போனா காட்டெருமை, நடந்தா யானை, வீட்டுக்குள்ள இருந்தா மண்ணு சரியும். இந்த மலையில பயந்தா எந்தப் பக்கம் காலு வைக்க? நாலு நாளா முட்டி போட்டு ஒட்டுதேன், பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? அந்த வலையக் கொண்டாந்து குடுத்தப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்."

"தொறக்க முடியல."

அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். அதற்காக மனசு இளகவும் இல்லை, இளகாமலும் இல்லை. பேனலை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அதைக் காயவைக்க இந்த மலையில் அந்த ஒரு சுவர்தான் இருந்தது, அந்தச் சுவர்வரைக்கும் போக அவனுக்குத்தான் பாஸ் இருந்தது. பொதியை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் விடும். ரெண்டரைக்கு இது எறுகி வரணும். வந்தா மிச்சத்தப் பேசலாம். வரலைன்னா நமக்குப் பேச ஒண்ணும் இல்ல."

அவன் அதைச் சட்டைக்குள் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாரலில் இறங்கிப் போனான்.

அன்றைக்கு அவள் அரை நாள் லீவு சொன்னாள். பன்னிரண்டு மணியிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். அழகுத்தாய் கஞ்சியும் சுட்ட கருவாடும் எடுத்து வைத்து, "தின்னுட்டுக் கோவப்படு, அப்பத்தான் தெம்பா இருக்கும்," என்றாள்.

"உங்க மகன் கொண்டாருவாகளா அத்தை?"

"எம் மகன எனக்குத் தெரியும். பொய் சொல்லுவான், சொல்லிட்டு மூணு நாளைக்குச் சோறு எறங்காது. நாலு நாளா அவன் வட்டிலப் பாத்தியா? முக்காவாசி நாய்க்குத்தான் போச்சு." கருவாட்டில் முள் எடுத்தபடியே சொன்னாள். "ஆனா செஞ்சது செஞ்சதுதான். நீ லேசுல விட்றாத."

ரெண்டேகாலுக்கே அவன் வந்துவிட்டான். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. துணியைப் பிரித்தான். கூழ் கல்லாக இறுகியிருந்தது. சிவசங்கரி நகத்தால் கீறிப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"அரை மணிக்கொரு தடவ திருப்பி வச்சேன். ஒரு பக்கமா சூடு அடிச்சா வளைஞ்சுரும்னு," என்றான். அவள் உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து பொழுது சாயும்வரை தேய்த்தார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தடவிப் பார்த்து, பள்ளத்தில் கூழ் விட்டார்கள். பேச்சு அதிகமில்லை. "அந்த ஓரம்", "இன்னும் கொஞ்சம்", "போதும்", அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவன் மறுபடி பேனலைப் பாய்லர் சுவருக்குக் கொண்டுபோனான், இந்தத் தடவை அவள் சொல்லாமலே. மத்தியானம் திரும்பியதும் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் மூன்று பூச்சு அடித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஹெல்மெட் துண்டு உட்கார்ந்த இடம் லேசாகத் தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று சிவசங்கரி திருகாணிகளை முடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை அவள்தான் ஓட்டினாள். அவன் இரவல் ஹெல்மெட்டோடு பின்னால் உட்கார்ந்திருந்தான். மூணாறு தாண்டி, பள்ளிவாசல் இறக்கத்தில் ரோடு பெயர்ந்து கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் அவன் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பேனலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இருக்கு," என்றான் ஒவ்வொரு தடவையும். கேட்காமலே சொன்னான்.

டெஸ்ட் கிரவுண்டில் இன்ஸ்பெக்டர் ஜிஜி மேடம் குடைக்குள் நின்றபடி சேஸ் நம்பரைப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார், பிரேக்கைப் பார்த்தார். இரண்டு இன்டிகேட்டரும் எரிந்தன. பின்பக்கம் வந்ததும் குனிந்து, பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். இன்னொரு தடவை பலமாக அழுத்தினார்.

"இது பொட்டினதாணோ?"

"ஆமா மேடம், ஒடஞ்சதுதான். யானை மிதிச்சது. ஒட்டியிருக்கு."

"எந்த வொர்க்‌ஷாப்?"

"வீட்டுல மேடம்."

"ஆரு செஞ்சது?"

சிவசங்கரி பக்கத்தில் நின்றவனை ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டு பேரும்தான்," என்றாள்.

மேடம் மறுபடி அந்த வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு, தாளில் எழுதினார். "சரி. பாஸ். அஞ்சு கொல்லம் ஓடட்டும். ஆர்சி ஓனர் இங்க ஒப்பிடணும்."

வண்டி ராஜசேகர் பேரில்தான் இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. சிவசங்கரிக்கும் சிரிக்க வேண்டும் போல்தான் இருந்தது. அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"மேடம், ஓனர் பேர மாத்துறதுக்கு என்ன அபேக்ஷ குடுக்கணும்?"

"ஆருக்கு மாத்தணும்?"

"எனக்கு."

ராஜசேகரின் சிரிப்பு நின்றது. மேடம் அவனைப் பார்த்தார். "சம்மதமா?"

"அந்த ரோட்ட நெனைச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது சங்கரி," என்றான் அவன் மெதுவாக.

"எனக்கும்தான் கலக்குது. கலக்கட்டும். அதுக்காக நாளைக்கு யானை வந்தாலும் சரி, நீங்க வந்தாலும் சரி, வண்டி என் பேர்ல நிக்கணும்."

சாரல் கொஞ்சம் வலுத்தது. வரிசையில் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். ராஜசேகர் கையிலிருந்த பேனாவை மூடவில்லை, மேடத்திடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"எங்கன ஒப்பிடணும், மேடம்?" என்று கேட்டான்.